ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏ, இந்தப் பக்கம் பி பிளஸ்

2008-ஆம் ஆண்டு. வர்ஜீனியா மாநிலத்து மெக்லீனில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் வேதியியலில் 92 மார்க் எடுத்திருந்தால், அவள் ரிப்போர்ட் கார்டில் 'பி பிளஸ்' என்று அச்சாகியிருக்கும். பொட்டோமாக் ஆற்றின் மேல் அமெரிக்கன் லீஜன் பாலம் இருக்கிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் அதைக் காரில் தாண்டச் சில நிமிடம் போதும். பாலத்துக்கு அந்தப் பக்கம், மேரிலாந்து மாநிலத்துப் பெதஸ்டாவில் அவளுடைய சித்தப்பா மகன் இருந்து, அவனும் 92 எடுத்திருந்தால் அவனுக்கு 'ஏ' கிடைத்திருக்கும். இருவரும் விண்ணப்பிக்கப்போவதோ ஒரே கல்லூரிகளுக்கு.

மெக்லீன் இருப்பது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், பெதஸ்டா இருப்பது மான்ட்கமெரி கவுண்டியில். வாஷிங்டன் நகரை ஒட்டிய இந்த இரு புறநகர் வட்டாரங்களும் வசதியானவை. அரசு அலுவலர்களும் வழக்கறிஞர்களும் மென்பொருள் பணியாளர்களும் நிறைந்தவை. வாஷிங்டன் பக்கம் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் பல இவ்விரண்டில் ஒன்றில் வீடு தேடுவதற்குப் பள்ளிக்கூடமே முதல் காரணம். ஃபேர்ஃபாக்ஸ் பள்ளிகளில் ஏறக்குறைய 1,80,000 மாணவர்கள், மான்ட்கமெரியில் ஏறக்குறைய 1,60,000. கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். எத்தனை மார்க்குக்கு எந்த எழுத்து, பரீட்சை உண்டா இல்லையா, காலையில் மணி எப்போது அடிக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த மாவட்டமே. எல்லாம் சென்னையிலிருந்து அரசாணையாக வந்து பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்த அதிகாரத்தை அவர்கள் செலுத்துவது குழுக்கள் வழியாக. யார் அந்தக் குழுவில் உட்கார்ந்தார்கள், யார் அதைக் கூட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஒரு குழந்தையின் தூக்கமும் அதன் கிரேடும் மாறிவிட்டன. அதற்கு இவ்விரு கரைகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அமைப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் மேலே. அது நியமிக்கும் கண்காணிப்பாளர் அடுத்து. இருவருக்கும் வரி விதிக்கும் உரிமை கிடையாது. பணத்துக்குக் கவுண்டி நிர்வாகத்திடம்தான் போய் நிற்க வேண்டும். ஃபேர்ஃபாக்ஸ் வாரியத்தில் 12 பேர். அவர்களோடு ஒரு மாணவப் பிரதிநிதியும் உட்காருவார். பேசலாம், ஓட்டுப் போட முடியாது. மான்ட்கமெரி வாரியத்தில் பெரியவர்கள் ஏழு பேர், எட்டாவதாக ஒரு மாணவர். அவரை நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களே ஆண்டுதோறும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா விஷயங்களிலும் அவருக்கு ஓட்டுரிமை உண்டு. பதினேழு வயதுப் பிள்ளை கோடிக்கணக்கான டாலர் பட்ஜெட்டுக்குக் கை தூக்குவதை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

'மாணவர் நலக் குழு' என்று பெயர் வைத்தே ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு மாவட்டமும் 2006-07 கல்வியாண்டுக்குள் ஒரு நலக் கொள்கை வகுக்க வேண்டும் என்றது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது: பெற்றோர், மாணவர், உடற்பயிற்சி ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், பொதுமக்கள் என எல்லோருக்கும் அதில் பங்கேற்க இடம் தர வேண்டும், எந்த அளவுக்கு நிறைவேறியது என்று அவ்வப்போது மதிப்பிட்டு வெளியிட வேண்டும். வர்ஜீனியாவில் இதற்கு மேல் மாநிலச் சட்டத்திலேயே 20 பேருக்கு மிகாத பள்ளிச் சுகாதார ஆலோசனைக் குழு என்று ஓர் ஏற்பாடு உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கொள்கைகளைப் புரட்டினால் பெரும்பகுதி தின்பண்டம். தானியங்கி விற்பனைப் பெட்டியில் சோடா இருக்கலாமா, பிறந்தநாளுக்கு வகுப்பில் கேக் வெட்டலாமா, உடற்பயிற்சி வாரத்துக்கு எத்தனை நிமிடம். பிள்ளைகளின் உடலையும் மனதையும் உண்மையிலேயே அரித்த இரண்டு விஷயங்கள், தூக்கமின்மையும் கிரேடு பயமும், தீர்ந்ததோ தீராமல் போனதோ வேறு குழுக்களில். ஒன்று பஸ் குழு, மற்றது மார்க் குழு.

தூக்கத்திலிருந்து தொடங்கலாம். பருவ வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு 11 மணிக்கு முன் தூக்கம் வருவது அரிது. குறைந்தது எட்டரை மணி நேரமாவது தூங்க வேண்டிய வயது. ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளிகளிலோ முதல் மணி காலை 7.20-க்கு அடித்தது. தூரத்துப் பிள்ளைகள் 6 மணிக்கு முன்பே, நட்சத்திரம் மறையாத இருட்டில், பஸ்ஸுக்காக நின்றார்கள். மான்ட்கமெரியில் 7.25. இதற்கு மருத்துவக் காரணமோ கல்விக் காரணமோ கிடையாது, பஸ்தான் காரணம். இரு மாவட்டங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மஞ்சள் பஸ்கள் ஓடுகின்றன. ஒரே பஸ், ஒரே ஓட்டுநர், முதலில் உயர்நிலைப் பள்ளி, பிறகு நடுநிலை, கடைசியில் தொடக்கப் பள்ளி என்று காலையில் மூன்று நடை அடிக்க வேண்டும். ஒரு நடையைத் தள்ளினால் எல்லாமே தள்ளும். புதிய பஸ் வாங்கினால் தள்ளாது, பணம் போகும்.

ஃபேர்ஃபாக்ஸில் இதைத் தொட்டவர்கள் வெளியாட்கள். 2004-இல் இரண்டு தாய்மார்கள் 'ஸ்லீப்' என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், வாரியக் கூட்டங்களில் தமக்குத் தரப்பட்ட சில நிமிடங்களில் பேசினார்கள், மீண்டும் பேசினார்கள். போக்குவரத்துக்கென்று ஒரு குழு அமைந்து அட்டவணைகள் போடப்பட்டன. 2009-இல் வாரியம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. விளையாட்டுப் பயிற்சி பாதிக்கும், மாலை வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள், தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வது என்று எல்லா ஊரிலும் எழும் ஆட்சேபங்களே அங்கும் எழுந்தன. பெரும்பாலான இயக்கங்கள் இந்த இடத்தில் கலைந்துவிடும். இங்கே நடந்தது வேறு. அந்த இருவரில் ஒருவரான சாண்டி எவன்ஸ் 2010-இல் நடந்த இடைத்தேர்தலில் நின்று வாரியத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு சக்கரம் வேகமாகச் சுழன்றது. 2012-இல், உயர்நிலைப் பள்ளிகள் 8 மணிக்குப் பிறகே தொடங்க வேண்டும் என்பதை வாரியம் இலக்காக ஏற்றுத் தீர்மானம் போட்டது. எப்படி என்பதை வகுத்துத் தர, வாஷிங்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தூக்க மருத்துவப் பிரிவை அமர்த்தியது. அதன் தலைவர் ஜூடித் ஓவன்ஸ். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014 ஆகஸ்டில் 'நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது' என்று அறிக்கை வெளியிட்டபோது அதன் முதன்மை ஆசிரியரும் இவரே. அந்தப் பெயரோடு ஒரு திட்டம் வந்தால் 'இது தூங்குமூஞ்சிப் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்பது' என்று தள்ளிவிட முடியாது. 2014 அக்டோபர் 23-ஆம் தேதி வாரியம் 11-க்கு 1 என்ற ஓட்டில் ஏற்றது. 2015 கல்வியாண்டிலிருந்து 8.00 அல்லது 8.10. நாற்பது, ஐம்பது நிமிடம் லாபம். செலவு ஏறக்குறைய 50 லட்சம் டாலர்.

மான்ட்கமெரியில் பாதை வேறு. அங்கும் மனுவில்தான் தொடங்கியது. 2012-இல் பத்தாயிரத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. கண்காணிப்பாளர் ஜோஷுவா ஸ்டார் உடனே ஒரு பணிக்குழு அமைத்தார். ஃபேர்ஃபாக்ஸில் கதவைத் தட்டியவர்கள் காத்துக் கிடந்தது போல இங்கே யாரும் காத்திருக்க நேரவில்லை. 2013 அக்டோபரிலேயே பரிந்துரை வெளிவந்துவிட்டது: உயர்நிலைப் பள்ளிகள் 50 நிமிடம் தள்ளி 8.15-க்கு, நடுநிலைப் பள்ளிகள் பத்து நிமிடம் முன்னதாக 7.45-க்கு, தொடக்கப் பள்ளிகளுக்கு நாள் அரை மணி நேரம் நீளும். அதைப் படித்த பெற்றோர் கைதட்டியிருப்பார்கள். எட்டு மாதம் கழித்து, 2014 ஜூனில், அதே கண்காணிப்பாளர் 'வேண்டாம்' என்றார். ஆண்டுக்குக் குறைந்தது 2 கோடியே 10 லட்சம் டாலர் ஆகும், தாங்காது என்று கணக்கு வந்திருந்தது. வாரியம் விடவில்லை; ஒரு கோடிக்குள் முடியும் வழிகளைக் கொண்டுவரச் சொன்னது. கடைசியில் 2015 பிப்ரவரியில் கிடைத்தது இருபது நிமிடம். 7.25 போய் 7.45 ஆயிற்று.

இதைப் பார்த்து 'ஃபேர்ஃபாக்ஸ் ஜெயித்தது, மான்ட்கமெரி தோற்றது' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் ஒரு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஃபேர்ஃபாக்ஸில் உயர்நிலைப் பள்ளி 8 மணிக்குப் போனபோது, பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகள் 7.30-இல் போய் நின்றன. ஐம்பது லட்சத்தில் காரியம் முடிந்ததன் ரகசியம் இதில்தான் இருக்கிறது: முதல் நடையில் யாராவது ஏற வேண்டும், ஏறியது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்கள். மான்ட்கமெரியில் நடுநிலைப் பள்ளிகளும் இருபது நிமிடம் தள்ளி 8.15-க்குப் போயின. மருத்துவர் கழகம் சொன்ன எட்டரையை இரண்டு கரையும் எட்டவில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தக் கரை நல்லது என்று கேட்டால், தோற்றதாகச் சொல்லப்பட்ட கரை முக்கால் மணி நேரம் முன்னால் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளித் தாய்மார்கள் பத்தாண்டு போராடிய இடத்தில் உயர்நிலைப் பள்ளிக்குக் கிடைத்தது. அலுவலகப் பணிக்குழு கணக்குப் போட்ட இடத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது.

கிரேடு விஷயத்திலும் இதே இரண்டு முறைகள்தான், ஆனால் விளைவு தலைகீழ்.

முதலில் சொன்ன அந்த 92-க்கு வருவோம். ஃபேர்ஃபாக்ஸின் பழைய அளவுகோலில் 94-க்கு மேல்தான் ஏ. 64-க்குக் கீழே போனால் ஃபெயில். மான்ட்கமெரியில் 90-க்கு ஏ, 60 வரை பாஸ். பல்லாண்டுகளாக ஃபேர்ஃபாக்ஸ்காரர்கள் 'எங்கள் கிரேடு கடினமானது, கல்லூரிகளுக்கு அது தெரியும்' என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. 2008-இல் 'ஃபேர்கிரேடு' என்று ஒரு பெற்றோர் அமைப்பு புறப்பட்டது. அதை முன்னின்று நடத்திய மேகன் மெக்லாக்லின் கல்லூரிச் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தவர். விண்ணப்பக் கட்டுகளை அந்தப் பக்கம் உட்கார்ந்து புரட்டிய அனுபவம் உள்ளவர். மாவட்ட அலுவலகமும் பெற்றோர் அமைப்பும் சேர்ந்தே ஆய்வு செய்தார்கள். மற்ற மாவட்டங்களின் அளவுகோல், கல்லூரிகள் அதை எப்படிப் படிக்கின்றன என்று திரட்டினார்கள். ஒரே தரவை இரு தரப்பும் வேறுவேறாகப் படித்தார்கள் என்பதுதான் சுவாரசியம். கண்காணிப்பாளர் ஜாக் டேல், அளவுகோலால் மாணவருக்கு இடம் பறிபோனதாக நிரூபணம் இல்லை, அதை அப்படியே வைத்துக்கொண்டு கடினமான பாடங்களுக்கு மட்டும் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம் என்றார். பெற்றோர், பறிபோகவில்லை என்பதற்கு மட்டும் நிரூபணம் எங்கே என்றார்கள். 2009 ஜனவரியில் வாரியம் கண்காணிப்பாளர் பேச்சைத் தாண்டிப் பெற்றோர் பக்கம் சாய்ந்தது. புதிய அளவுகோலில் 93-க்கு ஏ, 90-க்கு ஏ மைனஸ். மேம்பட்ட பாடங்களுக்குக் கூடுதல் மதிப்பும் வந்தது. நம் மெக்லீன் பெண்ணின் 92, ஒரு வேதியியல் சமன்பாடுகூடக் கூடுதலாகப் படிக்காமல், ஏ மைனஸாக உயர்ந்தது. 2011 தேர்தலில் மெக்லாக்லினும் வாரிய உறுப்பினரானார்.

இந்தப் போராட்டத்தில் 'மன அழுத்தம்' என்ற பேச்சு அவ்வப்போது வந்து போனாலும் மையத்தில் இருந்தது போட்டிதான். பிள்ளையின் சுமையைக் குறைப்பதைவிட, பக்கத்துக் கவுண்டிப் பிள்ளைக்கு இருக்கும் சலுகை நம் பிள்ளைக்கும் வேண்டும் என்பதே கோரிக்கை. அதில் தவறில்லை. நியாயமான கோரிக்கையை நலம் என்ற பெயரில் விற்காததற்காக அந்தப் பெற்றோரை எனக்குப் பிடிக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

மான்ட்கமெரியில் நடந்ததோ உண்மையிலேயே சுமையைக் குறைக்கத் தொடங்கிய காரியம். அங்கே உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு அரையாண்டின் முடிவிலும் கவுண்டி முழுவதற்கும் பொதுவான இரண்டு மணி நேரப் பரீட்சை இருந்தது. அரையாண்டு கிரேடில் அதற்கு 25 சதவீதப் பங்கு. 2013-இல் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி பரீட்சைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஃபெயில் ஆன விவரம் வெளியே வந்தது. பரீட்சையில் ஃபெயிலான பலர் பாடத்தில் பாஸாகியிருந்தார்கள். இது எப்படி என்று கவுண்டியே திகைத்தது. பணிக்குழு அமைந்தது. இதற்கிடையே மாநிலம் புதிதாக ஒரு தேர்வைக் கொண்டுவந்தது. பாட நேரத்தைப் பரீட்சைகள் தின்கின்றன என்ற புகார் எல்லாப் பக்கமும் கிளம்பியது. 2015-இல் வாரியம் அரையாண்டுப் பரீட்சையையே எடுத்துவிட்டது. 2016-17 முதல் காலாண்டுக்கு ஒரு சிறு மதிப்பீடு. அரையாண்டு கிரேடு என்பது இரண்டு காலாண்டு எழுத்துகளின் கூட்டு.

கூட்டு என்றால் எப்படிக் கூட்டுவது? இங்கேதான் குழுவின் மேஜையில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு வரி பிள்ளைகள் கையில் சிக்கியது. ஒரு காலாண்டு ஏ, இன்னொன்று பி என்றால் அரையாண்டு ஏ என்றது விதி. 89.5 என்பதை 90 ஆக்கி ஏ தருவது அங்கே வழக்கமாக இருந்தது, அதேபோல 79.5-க்கு பி. ஆக ஒரு பையன் முதல் காலாண்டில் 89.5, இரண்டாவதில் 79.5 எடுக்கிறான் என்று வையுங்கள். சராசரி 84.5. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் நல்ல பி என்பார். ரிப்போர்ட் கார்டில் ஏ. இரண்டு காலாண்டிலும் 89 எடுத்த பெண்ணுக்கு? பி. இவளைவிட அவன் குறைவாகப் படித்திருக்கிறான், அவனுக்குத்தான் உயர்ந்த எழுத்து. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புரிய அதிக நாளாகாது. முதல் காலாண்டில் உயிரைக் கொடுத்து ஏ வாங்கு, இரண்டாவதில் பி-யைத் தொட்டுக்கொண்டு ஓய்வெடு, மிச்ச நேரத்தைக் கடினமான பாடத்துக்குக் கொடு. ஒரு வகையில் பார்த்தால் அதுவும் ஆரோக்கியம்தான்! ஆனால் ஏ-க்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனபோது, முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் திரும்பிப் படித்த அனுபவமே இல்லாமல் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் சொல்லத் தொடங்கினார்கள். பயத்தை எடுத்த குழு, எழுத்தின் எடையையும் சேர்த்து எடுத்துவிட்டது.

இந்த விதியைத் தெருவில் நின்று கேட்டவர் எவருமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபேர்ஃபாக்ஸின் 90-க்குப் பின்னால் ஓராண்டு காலக் கூச்சல் இருந்தது. அதனால் அதன் ஒவ்வொரு புள்ளியையும் இரு தரப்பும் அலசியிருந்தார்கள். மான்ட்கமெரியின் ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஏ என்பது, பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்தின் நிழலில் வந்து சேர்ந்த உள்விதி. விவாதமே இல்லாமல் கிரேடில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மே மாதம் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு காட்சி கிடைத்தது. 'சமத்துவ கிரேடு' முறைக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் திட்டம் பற்றிச் செய்தி கசிந்ததும், மேயர் வரை எதிர்க்க, கண்காணிப்பாளர் மரியா சூ அதை உடனடியாகக் கிடப்பில் போட்டார். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று யாரும் அலசி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

சாண்டி எவன்ஸும் மெக்லாக்லினும் மனுவோடு வந்து நாற்காலியில் அமர்ந்தவர்கள் என்று சொன்னேன். ஃபேர்ஃபாக்ஸ் முறையின் பலம் அது. ஆனால் யாரால் அப்படி வர முடியும்? மாலைக் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கக் கூடிய, ஆங்கிலத்தில் தயங்காமல் பேசக் கூடிய, கல்லூரிச் சேர்க்கையின் உள்வழி தெரிந்த அம்மாவால் முடியும். அதே கவுண்டியில் இரவு வேலை முடித்து 7 மணிக்கு வீடு திரும்பும் எல் சால்வடார் குடும்பத்தாலோ எத்தியோப்பியக் குடும்பத்தாலோ அது சுலபத்தில் ஆகாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு 92, ஏ-யா பி பிளஸ்ஸா என்பதைவிட 63 ஃபெயிலா பாஸா என்பதே பெரிய கேள்வி. அளவுகோல் மாறிய பிறகும் ஃபெயில் கோடு 64-ஐ விட்டு நகரவில்லை. பேச்செல்லாம் மேல்தட்டு எழுத்தைப் பற்றியே நடந்தது.

மான்ட்கமெரியின் மாணவ ஓட்டு இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும் என்று நம்ப ஆசைப்படுகிறேன். எந்தப் பெற்றோர் சங்கத்திலும் இல்லாத பிள்ளையும் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஓராண்டில் போய்விடுவார் என்பது அதன் பலவீனம். பத்தாண்டு பொறுத்து ஒரு காரியத்தை முடித்த எவன்ஸின் வழி ஒரு மாணவருக்குத் திறக்காது. அதற்குள் அவர் கல்லூரியே முடித்திருப்பார்.

ஃபேர்ஃபாக்ஸின் ஐம்பது நிமிடத்துக்கு ஒரு சான்று பின்னாளில் வந்தது. மணி மாறியதற்கு முன்னும் பின்னும் 16 முதல் 18 வயதுக்குட்பட்ட ஓட்டுநர்களின் கார் விபத்துகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. உரிமம் பெற்ற ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 31.6 ஆக இருந்த விபத்து 29.6 ஆகக் குறைந்திருந்தது. வர்ஜீனியாவின் மற்றப் பகுதிகளில் அப்படிக் குறையவில்லை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கார் ஓட்டுகிறார்கள், அதனால் அவர்களை எண்ண முடிந்தது. 7.30-க்கு வகுப்பில் உட்கார்ந்த ஏழாம் வகுப்புக்காரர்களை அப்படி எண்ண ஒரு கணக்கேடும் இருக்கவில்லை. அவர்களுடைய மணியைத் தள்ளுவது பற்றி ஆராய, அதே மாவட்டம் பின்னர் மறுபடியும் வெளி ஆலோசகர்களை அமர்த்திப் பஸ் அட்டவணையைப் பிரித்தது.